ஒட்டின கோட்டும் பினாங்கு ஈரமும்

பூஞ்சணமும் பூச்சியும் பிடித்த என் பழைய கல்யாணக் கோட்டைச் சரிசெய்தேன். அதன் இடது மார்பில் துணி எழும்பியிருந்த கொப்புளம் அடங்கிவிட்டது. வலது பக்கத்தில் இருப்பது பாதிதான் அடங்கியது, அதுவும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. பூஞ்சணம் போய்விட்டது. பேண்ட் இடுப்பில் ஏறுகிறது. பூச்சி அரித்த ஓட்டை இரண்டில் ஒன்று எனக்கே இப்போது தேடினால்தான் கிடைக்கும், இன்னொன்று காலரைத் தூக்கினால் எல்லாருக்கும் தெரியும். மொத்தச் செலவு 171 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

கோட்டு 2009இல் என் கல்யாண வரவேற்புக்காகப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் தைத்தது. கருநீலம், இரண்டு பொத்தான். அதன் பிறகு கம்பெனி டின்னர், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எப்போதாவது வெளியே வரும், திரும்ப அலமாரிக்குள் போகும். கோவிட் சமயத்தில் அதுவும் நின்றது. அண்ணன் மகள் ரிசெப்ஷனுக்குப் போடலாம் என்று வெளியே எடுத்தபோது, டோபிக் கடையில் மாட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே காலர் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். மார்பு இரண்டு பக்கமும் துணி மேலெழும்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கொப்புளமாகத் தெரிந்தது. புதிதாகத் தைக்க விசாரித்தேன், சுமாரான துணிக்கே 900 வெள்ளி சொன்னார்கள். பழசையே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால் துணி என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரும் சூடும் எவ்வளவு தாங்கும் என்பது அதைப் பொறுத்தது. பேண்ட் காலின் உள்மடிப்பிலிருந்து ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். தலைமுடி கருகும் வாடை வந்தது, அப்படியானால் கம்பளி. ஆனால் நுனியில் கடுகளவு கெட்டியாக உருகி நின்றது. சுத்தக் கம்பளி என்றால் விரலில் தேய்த்ததும் பொடியாகிவிடும். அந்தக் கடுகு பாலியெஸ்டர். ஆக இது இரண்டும் கலந்த டெரிவுல். லைனிங் துணிக்கு வேறு சோதனை: உள்ளே தையலுக்கு விட்ட ஓரத்தில் நகப்பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு. அசிட்டேட் லைனிங்காக இருந்தால் அந்த இடம் இளகிப் பிசுபிசுக்கும். இது அசையவில்லை. இந்தச் சோதனையை வெளியே தெரியும் இடத்தில் செய்துவிடாதீர்கள், அசிட்டேட்டாக இருந்தால் அந்த இடத்தில் ஓட்டைதான்.

முதலில் பூஞ்சணம். இதை வீட்டுக்குள் தட்டவே கூடாது. அந்தத் தூள் பறந்து மற்ற துணியிலும் மெத்தையிலும் உட்கார்ந்துகொள்ளும். பிளாட்டின் பின்பக்கத் துணி காயப்போடும் இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, பன்றிமுடி பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேய்த்தேன். காலரைத் தூக்கி அடியில், பாக்கெட் மூடிகளின் உள்ளே, அக்குள் மடிப்பில் என்று கண்ணுக்குப் படாத இடங்களில்தான் அதிகம் இருந்தது. பிரஷ் 28 வெள்ளி. நைலான் பிரஷ் 5 வெள்ளிக்கே கிடைக்கும், ஆனால் அது கம்பளியின் மேல் மயிரைப் பிய்த்து எடுக்கிறது. துணி துவைக்கும் பிரஷ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் 70 சதவிகித ஆல்கஹால், ஒரு பாட்டில் 11 வெள்ளி. பழைய பனியன் துணியில் நனைத்து, பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அதற்கு முன் உள்தையலில் ஒற்றிப் பார்த்துச் சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு நிழலில், காற்றில் மாட்டினேன். நேர் வெயிலில் மணிக்கணக்காகத் தொங்கவிட்டால் கருநீலம் தோளில் மட்டும் வெளுத்துவிடும். இங்கே செப்டம்பர், அக்டோபர் என்றால் மதியம் தாண்டினாலே மழை, அதனால் காலையில் போட்டு மதியச் சாப்பாட்டுக்குள் உள்ளே எடுத்துவிட்டேன். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு. அவசரம் இல்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம். ஒரு காலை வெளியே மாட்டினால் காய்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ராத்திரி ஏர்கானை டிரை மோடில் போட்டு அந்த அறையிலேயே தொங்கவிட்டேன். பூஞ்சண வாடை போனது அதற்குப் பிறகுதான்.

பேண்ட் தொடையிலும், கோட்டின் மடிப்புக் காலருக்கு அடியிலும் ஆளுக்கொரு ஓட்டை. அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது, அதுவும் வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ இருக்கும் இடத்தில் ஆசையாக. பொத்தான் அளவு கூட இல்லாத அந்தத் தொடை ஓட்டை சரியாக எங்கேயோ கல்யாண வீட்டில் குழம்பு சிந்தின இடம். முட்டை இன்னும் இருந்தால் தைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. நாப்தலின் உருண்டை வாடை எனக்கு ஆகாது, அதனால் பிரீசர் வழி: கோட்டையும் பேண்ட்டையும் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். பிரீசரில் ஏற்கனவே கெம்போங் மீனும் ஆட்டிறைச்சியும் இருந்ததால் வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மீன் எல்லாம் மச்சான் வீட்டுக்கு மாறியது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. நம்ம ஊர் காற்றில் குளிர்ந்த துணியைக் காட்டினால் நொடியில் வியர்த்து நனைந்துவிடும், பூஞ்சணத்துக்கு மறுபடியும் விருந்து வைத்ததாகிவிடும். பை வெளியில் முழுசாகக் காய்ந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரித்தேன்.

அக்குள் வியர்வை அடுத்தது. இவ்வளவு வருஷமும் டிரை கிளீனிங் கொடுத்தும் அந்த வாடை போகாமலே இருந்தது ஏன் என்பது இப்போதுதான் புரிந்தது. டிரை கிளீனிங் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், வியர்வை உப்பை எடுக்காது. உப்பு தண்ணீரில்தான் கரையும். லைனிங்கின் உள்ளே துண்டை வைத்து, கம்பளிக்கான திரவ சோப்பு சில சொட்டு கலந்த தண்ணீரால் ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றினேன். துண்டில் மஞ்சளாக இறங்கியது. வலது அக்குளில் லைனிங் துணியே இற்றுப்போயிருந்ததால் அதை மட்டும் வெட்டி மாற்ற வேண்டியதாயிற்று, தையல் கூலியோடு 40 வெள்ளி. பேண்ட் பின்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்திருந்தது. ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணீர் என்று கலந்து, அதில் நனைத்த துணியை மேலே வைத்து ஆவி காட்டிப் பிரஷ் போட்டேன். கம்பளி இழை கொஞ்சம் எழும்பியது, பாலியெஸ்டர் நசுங்கினது நசுங்கினதுதான். கோட்டு போட்டால் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இனி கொப்புளம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், எனக்குப் பழக்கமான தையல்கார பாய் ஒருவர் இருக்கிறார். கோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கீழ்ப் பொத்தானுக்கும் அதற்கு மேல் காஜாவுக்கும் நடுவே மேல்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறு கையாலும் கிள்ளி இழுத்தார். இழுத்துவிட்டு என் விரலையும் அதே இடத்தில் வைக்கச் சொன்னார்.

“நடுவுல மூணாவதா ஒண்ணு தனியா நழுவுதா தம்பி?”

“இல்ல பாய். மேல் துணியே தடிப்பா இருக்கு.”

“அப்ப இது ஒட்டின கோட்டு. தச்ச கோட்டா இருந்தா, மார்புக்கு விறைப்பு குடுக்குற கேன்வாஸ் துணி நடுவுல தனியா ஓடும். இதுல பசை போட்ட கேன்வாஸை சூட்டுல ஒட்டியிருக்காங்க. பசை விட்டுப்போச்சு. நீ ஈரத்துல வச்சிருந்த, டோபிக்காரன் சூடு காட்டியிருப்பான். யாரைச் சொல்றது?”

முழுசாகப் பிரித்துப் புதுக் கேன்வாஸ் வைக்கலாமே என்று கேட்டேன். அதற்கு ஆகும் கூலியில் புதுக் கோட்டே தைத்துவிடலாம் என்றார். சின்னக் கொப்புளம் என்றால் ஊசியில் பசை ஏற்றிப் பார், பெரிசு என்றால் தொடாதே என்றார். பேண்ட் இடுப்பை மட்டும் அவரிடமே கொடுத்தேன். பின் நடுத்தையலில் உள்ளே துணி நிறைய விட்டிருந்தது, ஒன்றரை இஞ்ச் பெருக்கி இரண்டே நாளில் கொடுத்தார், 25 வெள்ளி. பழைய தையல் ஓடின கோடு மங்கலாகத் தெரிகிறது, பெல்ட்டுக்குக் கீழே சட்டென்று யாரும் பார்க்கப்போவதில்லை.

மார்பு தட்டையான இடம் இல்லை. பலகை மேல் வைத்து இஸ்திரி போட்டால் உள்ள வளைவும் போய்விடும். தையல்காரர்கள் ஹாம் என்று சொல்லும் கெட்டித் தலையணை ஒன்று வேண்டும். கடையில் 80 வெள்ளிக்கு மேல். நானே செய்தேன்: காடாத் துணியில் முட்டை வடிவமாக, நீளம் 14 இஞ்ச், அகலம் 10 இஞ்ச் என்று இரண்டு துண்டு வெட்டி, மூன்று இஞ்ச் வாய் விட்டுச் சுற்றித் தைத்துத் திருப்பினேன். உள்ளே மரத்தூள். பஞ்சு சரிப்படாது, அமுங்கிவிடும். ஜெலுத்தோங்கில் ஒரு கதவுப் பட்டறையில் ஒரு சாக்குத் தூள் சும்மாவே கொடுத்தார்கள். சலித்து, காயவைத்து, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி அடைத்தேன். கை வைத்து அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுக வேண்டும். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு தூள் பிடித்தது.

கோட்டை அதன் மேல் வைப்பதற்கு முன் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு ஆவி காட்டிப் பார்த்தேன். நல்லவேளை. வெள்ளைத் துணியில் கெட்டித் தேநீர் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. பட்டறையில் அன்றைக்கு அறுத்தது மெர்பாவ் மரம். அந்த மரம் தண்ணீர் பட்டாலே சிவந்த பழுப்புச் சாயம் கக்கும், புது மெர்பாவ் தரை போட்ட வீட்டு வாசலில் மழைக்குப் பிறகு பார்த்தால் தெரியும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நிபோங் திபாலில் மேசை நாற்காலி செய்யும் பட்டறையிலிருந்து ரப்பர் மரத் தூள் வாங்கி வந்தேன். வெளிர் மஞ்சள், ஆவியில் சாயம் இல்லை. தாத்தா அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டினவர். பேரன் கோட்டுக்கு இஸ்திரி போட அதே மரத்தின் தூளைச் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

முதலில் பசை இல்லாமல் வெறும் சூட்டில் முயன்றேன். ஒட்டின பசை சூட்டில்தானே இளகி ஒட்டியது, மறுபடி இளகாதா என்ற கணக்கு. ஈரத் துணி போட்டு அழுத்தியதும் கொப்புளம் மாயமாக மறைந்தது. மறுநாள் காலை பழையபடி நின்றது. ஆவி துணியை விரித்துச் சுருக்குகிறது, அவ்வளவுதான். பழைய பசையில் ஒட்டும் சக்தி மிச்சம் இல்லை.

அப்புறம் ஊசி. கோட்டின் கீழ் ஓரத்தில் லைனிங் தையலை நாலு இஞ்ச் பிரித்து, அந்த வழியாகக் கையை விட்டு முன்பக்கத்தை உள்ளே வெளியாகத் திருப்பினேன். இப்போது கண்ணுக்கு முன் இருப்பது கேன்வாஸின் பின்பக்கம். ஊசி அதை மட்டும் துளைத்தால் போதும், மேல்துணியில் ஓட்டை விழாது. கொப்புளம் எங்கே என்று முன்னாலேயே வெளிப்பக்கம் குண்டூசி குத்தி எல்லை காட்டி வைத்திருந்தேன். தண்ணீரில் கரையாத துணிப் பசை 9 வெள்ளி, மருந்துக் கடையில் ஊசியும் சிரிஞ்சும் 2 வெள்ளி. மெல்லிய ஊசியில் பசை ஏறவே இல்லை. தடித்த 18 நம்பர் ஊசி வாங்கி, நுனியைச் சாணைக் கல்லில் மழுக்கிக்கொண்டேன். கூரான ஊசி மேல்துணிக்கும் போய்விடும், மழுங்கினது கேன்வாஸைத் தாண்டியதும் நின்றுவிடும், விரலில் தெரியும்.

இடது கொப்புளம் 50 சென் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு செண்டிமீட்டர் இடைவெளி விட்டு, இடத்துக்கு ஒரு சொட்டிலும் பாதி. வெளிப்பக்கம் திருப்பி, ஹாம் மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி, காய்ந்த பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிச் சூட்டில் வைத்து ஆவி இல்லாமல் பத்து நொடி அழுத்தினேன். இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சூடு ஆறும் முன்னே அதன் மேல் சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்து வைத்து, அதற்கு மேல் உரலைத் தூக்கி வைத்தேன். ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதுவே நிற்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தேன், ஒட்டியிருந்தது. ஆவி காட்டினேன், எழும்பவில்லை.

வலது பக்கம் வேறு கதை. கொப்புளம் மடிப்புக் காலர் திரும்பும் வரியை ஒட்டி நீளமாக, ஒரு சாண் இருந்தது. பெரிசு என்றால் தொடாதே என்று பாய் சொன்னதுதான், ஆனால் இடது பக்கம் சரியான குஷியில் கை நிற்கவில்லை. பசையையும் தாராளமாக விட்டேன். காலர் மடியும் கோடு மெதுவாகச் சுருண்டு விழ வேண்டிய இடம், பசை காய்ந்ததும் அங்கே அட்டை மாதிரி நிற்கிறது. மேலே ஓர் இடத்தில் பசை துணியில் ஊறி, சாய்த்துப் பார்த்தால் பாசிப்பயறு அளவு பளபளப்பு. பிரிக்கவும் முடியாது. ரிசெப்ஷனில் போட்டோ எடுக்கும்போது இடது தோளை முன்னால் காட்டி நின்றேன், அதுதான் கண்ட பலன்.

பூச்சி ஓட்டையை டார்னிங் செய்ததை, அதாவது இழை ஓட்டி அடைத்ததை, சுருக்கமாகச் சொல்கிறேன். பேண்ட் உள்தையல் ஓரத்திலிருந்தே இழை உருவிக்கொள்ள வேண்டும், கடை நூல் எவ்வளவு பொருந்தினாலும் மின்னும். இந்தத் துணியின் நெசவு சாய்வுக் கோடாக ஓடுகிறது. முதலில் நெட்டிழையை ஓட்டி நிரப்பி, பிறகு குறுக்கிழையை இரண்டுக்கு மேல் இரண்டுக்குக் கீழ் என்று, ஒவ்வொரு வரியிலும் ஒரு இழை தள்ளி ஓட்ட வேண்டும். கோட்டு ஓட்டையில் இதைக் கண்டுகொள்ளாமல் ஒன்று விட்டு ஒன்று பின்னினேன், காலருக்கு அடியில் என்பதால் தப்பித்தது என்று நினைத்தால், காலரைத் தூக்கினால் சதுரமாகத் தெரிகிறது. தொடை ஓட்டைக்குச் சாய்வைப் பார்த்து ஓட்டினேன். பூதக்கண்ணாடியும் பொறுமையும் வேண்டும், பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் ஈரத்துணி போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் இழைகள் ஒன்றோடொன்று உட்கார்ந்துகொள்கின்றன.

இவ்வளவும் செய்துவிட்டுத் திரும்ப அதே அலமாரிக்குள் வைத்தால் அடுத்த வருஷம் இதே கதை. ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று 12 வெள்ளிக்கு வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். 82 சதவிகிதம் காட்டியது. 65, 70க்கு மேல் போனாலே பூஞ்சணம் பிடிக்கும். அலமாரி நின்றது குளியலறைச் சுவரை ஒட்டி. நகர்த்தி எதிர்ச் சுவர்ப் பக்கம் வைத்து, சுவருக்கும் பின்பலகைக்கும் நாலு விரல் இடைவெளி விட்டேன். அதிலேயே 74க்கு வந்தது. நீர்யானைப் படம் போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பா மூன்று, 14 வெள்ளி, வைத்த பிறகு 60ஐ ஒட்டி நிற்கிறது. அந்த டப்பாவுக்குள் இருப்பது கால்சியம் குளோரைடு. சேரும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்புக் கரைசல், துணியிலோ தோல் செருப்பிலோ கவிழ்ந்தால் காயவே காயாமல் பிசுபிசுக்கும். தட்டில் வைத்து, கோட்டுக்கு நேர் கீழே வைக்காமல் ஓரமாக வையுங்கள். தோள் அகலமான மர ஹேங்கர் இரண்டு, 30 வெள்ளி. பிளாஸ்டிக் உறை குப்பைக்குப் போனது. அதற்குப் பதில் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியை மடித்து இரு பக்கமும் தைத்து, மேலே ஹேங்கர் கொக்கி போக ஓட்டை விட்டு உறையாக்கினேன். தூசி உள்ளே போகாது, காற்று போகும்.

இனிமேல் விசேஷம் முடிந்து வந்ததும் கோட்டை அலமாரிக்குள் மாட்டப்போவதில்லை. ஒரு ராத்திரி வெளியே காற்றாட, பாக்கெட் காலியாக, பிறகு பிரஷ், அப்புறம்தான் உள்ளே. கறை கண்ணில் பட்டால் ஒழிய டிரை கிளீனிங் கிடையாது. ஒட்டின கோட்டுக்கு ஒவ்வொரு டிரை கிளீனிங்கும் பசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்குகிற வேலை. வலது காலரைப் பற்றிப் பாயிடம் மறுபடி கேட்டேன். பசை வைத்ததை இனி ஒன்றும் செய்வதற்கில்லை, போட்டுப் போட்டு அது தானாக உடைந்து இளகினால் உண்டு என்றார். அடுத்த கோட்டுக்கு மார்பில் மட்டும் கேன்வாஸைத் தைத்து, கீழே ஒட்டிக்கொள்ளலாமா என்றேன், முழுசும் தைப்பதைவிட கூலி குறையும் என்று. தைக்கலாம், ஆனால் துணியை நீ எடுத்து வா, டெரிவுல் எடுத்து வராதே என்றிருக்கிறார்.